ராணுவத்தில் நர்ஸ் ஆக விண்ணப்பிப்பது எப்படி? நீட்டிலிருந்து டெல்லி இன்டர்வியூ வரை முழுமையான வழிகாட்டி

"மிலிட்டரியில் நர்சிங்குக்கு ஆள் எடுக்கிறார்களாமே" என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அப்போது விசாரித்தால் அந்த வருடத்து வாய்ப்பு ஏற்கெனவே கை நழுவியிருக்கும். காரணம் நீட். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் லிஸ்ட் போட்டு கவுன்சலிங் நடத்திவிடுவார்கள், அதனால் நர்சிங் போகலாம் என்று நினைக்கிற பெண்கள் நீட் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கோ 2022 முதல் நீட் ஸ்கோர் கட்டாயம். ஆகவே இதற்கான முதல் படிவம் ராணுவத்தின் படிவம் அல்ல, பிளஸ் டூ படிக்கும்போதே பிப்ரவரி, மார்ச் வாக்கில் போட வேண்டிய நீட் விண்ணப்பம்தான். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சரி, எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இதன் பெயர் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ், சுருக்கமாக எம்.என்.எஸ். 1888-ல் பத்து பிரிட்டிஷ் நர்சுகள் பம்பாயில் வந்து இறங்கியதிலிருந்து இதன் கதை ஆரம்பிக்கிறது. 1926 அக்டோபர் 1 அன்று இந்திய ராணுவத்தின் நிரந்தரப் பிரிவானது, 1943-ல் வந்த அவசரச் சட்டத்தின்படி இதில் இருப்பவர்கள் அதிகாரிகள் ஆனார்கள். அதிகாரி என்றால் நிஜமாகவே அதிகாரி. படித்து முடித்ததும் தோளில் ஏறுவது லெப்டினன்ட் ரேங்க், அங்கிருந்து கேப்டன், மேஜர் என்று மேஜர் ஜெனரல் வரை போகலாம். இந்திய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆன முதல் பெண் 1976-ல் இந்த நர்சிங் சேவையிலிருந்து வந்த ஜி.ஏ.ராம்தான். 

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். "நர்சிங் அசிஸ்டென்ட்" என்று ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் வருவது வேறு. அது சிப்பாய் நிலை வேலை, சென்னை, கோவை, திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் வழியாகப் பையன்களை எடுப்பது. எம்.என்.எஸ். என்பது அதிகாரி நிலை, பெண்களுக்கு மட்டும். ஆண் நர்சுகளை ஏன் சேர்ப்பதில்லை என்ற கேள்வி டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இருந்தாலும் இப்போதைக்கு பி.எஸ்சி. நர்சிங் படிக்கிற தம்பிகளுக்கு இந்தக் கதவு இல்லை.

பெண்களுக்கு வழி இரண்டு. பிளஸ் டூ முடித்து ராணுவக் கல்லூரியிலேயே நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படிப்பது ஒன்று. வெளியே நர்சிங் முடித்துவிட்டு குறிப்பிட்ட வருடங்களுக்கு நேரடியாக அதிகாரியாகச் சேரும் ஷார்ட் சர்வீஸ் கமிஷன் இன்னொன்று. முதல் வழியில்தான் படிகள் அதிகம், குழப்பமும் அதிகம் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

யார் விண்ணப்பிக்கலாம்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்), ஆங்கிலம் நான்கும் இருக்க வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும், ரெகுலராகப் படித்திருக்க வேண்டும், முதல் முயற்சியிலேயே பாஸ் ஆகியிருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பாடத்தில் போய் துணைத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு இதில் இடமில்லை. தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் எடுத்திருப்பவர்கள், "நாமதான் நர்சிங் குரூப்பே படித்தோமே" என்று நினைக்காமல், தங்கள் மார்க் ஷீட்டில் மேலே சொன்ன பாடங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வயது ஏறக்குறைய 17 முதல் 25. ஒவ்வொரு வருட அறிவிப்பிலும் "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் பிறந்தவர்" என்று துல்லியமாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் நம்ப வேண்டும். திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். விவாகரத்தானவர்கள், சட்டப்படி பிரிந்தவர்கள், கணவரை இழந்தவர்கள், குடும்பப் பொறுப்பு ஏதும் இல்லையென்றால் விண்ணப்பிக்கலாம். உயரம் 152 செ.மீ., நம் பக்கத்துப் பெண்களில் சிலருக்கு இது இழுபறியாக வரும். வீட்டில் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பதை நம்பாமல், பக்கத்து மருத்துவமனையில் வெறுங்காலில் நின்று அளந்துகொள்ளுங்கள். டெல்லி போய்த் தெரிந்துகொள்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

நீட்: ராணுவத்துக்காக எழுதுவது

டாக்டர் சீட்டுக்கு ஓடுகிறவர்கள் மாதிரி இரண்டு வருடம் கோச்சிங்கில் கிடக்க வேண்டுமா? என் அபிப்பிராயத்தில் தேவையில்லை, ஆனால் சும்மா போய் உட்கார்ந்துவிட்டும் வர முடியாது. மொத்தம் 220 இடங்கள், இந்தியா முழுக்கப் போட்டி, மாநில ஒதுக்கீடு கிடையாது. நீட்டில் தகுதி பெறுவது நுழைவுச் சீட்டுதான். விண்ணப்பித்தவர்களில் யாரை டெல்லிக்கு அழைப்பது என்பதை அந்த ஸ்கோரை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

180 கேள்விகளில் 90 உயிரியல், 720 மார்க்கில் 360. அங்கேதான் உங்கள் பலம் இருக்க வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்ட உயிரியலை வரி விடாமல் படித்த பெண்ணுக்கு இதில் பெரிய தடுமாற்றம் வராது, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையும் சேர்த்து ஒரு தடவை ஓட்டினால் போதும். வேதியியல் அடுத்து. இயற்பியலில் தெரிந்ததை மட்டும் தொடுங்கள், தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும். தமிழிலும் எழுதலாம், ஆனால் பிறகு டெல்லியில் வரும் தேர்வில் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள் என்பதால் ஆங்கிலத்தை இப்போதிலிருந்தே விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். புனே ஏ.எஃப்.எம்.சி.யில் (ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி) எம்.பி.பி.எஸ். சேர எம்.சி.சி. என்ற மத்திய மருத்துவ கவுன்சலிங் கமிட்டியின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், நர்சிங்குக்கு ராணுவத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் "ஏ.எஃப்.எம்.சி." என்ற பெயரில் வருவதால் ஒரு தளத்தில் பதிந்துவிட்டு மற்றதற்கும் சேர்த்து முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம்.

இனிஷியல் பிரச்சினை

இதற்குத் தனித் தலைப்பே கொடுக்கிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வருகிற தலைவலி இது. பத்தாம் வகுப்பு சான்றிதழில் "கவிதா மு" என்று இருக்கும், ஆதாரில் "மு. கவிதா", பான் கார்டில் அப்பா பெயரை விரித்து "கவிதா முருகேசன்", சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் "முருகேஷன்". நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். வட இந்தியாவில் உட்கார்ந்து சான்றிதழ் சரிபார்க்கிறவருக்கு இது நான்கு ஆள். அங்கே பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துப் பழகியவர்களுக்கு இனிஷியல் என்றால் என்ன என்பதையே விளக்க வேண்டி வரும்.

அடிப்படை ஆவணம் பத்தாம் வகுப்பு சான்றிதழ்தான். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரில் இருக்க வேண்டும், நீட் படிவத்திலும் அப்படியே, ராணுவ விண்ணப்பத்திலும் அப்படியே. ஆதாரை மாற்ற வேண்டியிருந்தால் டிசம்பரிலேயே இ-சேவை மையத்துக்கோ ஆதார் மையத்துக்கோ போய்விடுங்கள். அம்மா அப்பா பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றவே முடியாத வித்தியாசம் இருந்தால் நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி ஃபைலில் போட்டு வையுங்கள், கேட்டால் நீட்டலாம்.

ஆன்லைன் விண்ணப்பம்

நீட் ரிசல்ட் ஜூனில் வரும். அதையொட்டி, ஜூன் முதல் ஆகஸ்டுக்குள், ஜாயின் இந்தியன் ஆர்மி தளத்தில் பி.எஸ்சி. நர்சிங் அறிவிப்பு வரும். விண்ணப்பிக்கக் கொடுக்கும் அவகாசம் ரொம்பக் குறைவு, பத்து நாளை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே ரிசல்ட் வந்த நாளிலிருந்து தினம் ஒரு தடவை அந்தத் தளத்தைத் திறந்து பார்ப்பதை வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் என்று காத்திருந்தால் கடைசி நாள் முடிந்த பிறகுதான் வரும்.

தளத்தில் அதிகாரிகள் தேர்வு என்ற பிரிவுக்குள் போய் முதலில் பதிவு செய்ய வேண்டும். இதை அறிவிப்பு வருவதற்கு முன்பே செய்து வைக்கலாம். ஆதார் எண், பத்தாம் வகுப்பு விவரம், மின்னஞ்சல், மொபைல் எண், ஓ.டி.பி. எல்லாம் வழக்கமானதுதான். மொபைல் எண் மட்டும் அடுத்த ஒரு வருடத்துக்கு மாறாத எண்ணாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் அண்ணனின் மெயில் ஐ.டி.யைக் கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அழைப்புக் கடிதம் யார் கண்ணிலும் படாமல் அந்த மெயிலில் தூங்கும்.

அறிவிப்பு வந்ததும் உள்ளே நுழைந்து பி.எஸ்சி. நர்சிங்குக்கு எதிரே இருக்கும் விண்ணப்பப் பொத்தானை அழுத்தி, நீட் ரோல் எண், ஸ்கோர், பிளஸ் டூ மார்க், முகவரி எல்லாம் நிரப்பி, கட்டணம் கட்டி, கடைசியில் வரும் பிரதியை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சமர்ப்பித்துவிட்டோம் என்பதற்கு அந்தப் பிரதிதான் சாட்சி, ரோல் எண்ணும் அதில்தான் இருக்கும். பாதியில் நின்றுபோன விண்ணப்பம் கணக்கில் சேராது.

கல்லூரி விருப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு கல்லூரிகள், பக்கத்தில் இருப்பது இடங்களின் எண்ணிக்கை: புனே ஏ.எஃப்.எம்.சி. 40, மும்பை கடற்படை மருத்துவமனையான ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி 40, லக்னோ கமாண்ட் ஹாஸ்பிடல் 40, பெங்களூரு விமானப்படை கமாண்ட் ஹாஸ்பிடல் 40, டெல்லி ஆர்மி ஹாஸ்பிடல் 30, கொல்கத்தா கமாண்ட் ஹாஸ்பிடல் 30. நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பெங்களூருவை முதலில் போடுவார்கள், பக்கம், சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று. தப்பில்லை. ஆனால் எந்தக் கல்லூரியில் படித்தாலும் கிடைக்கும் அதிகாரிப் பதவி ஒன்றுதான், பணி நியமனம் நாட்டின் எந்த மூலைக்கும் வரும், ஆகவே கல்லூரி தூரம் என்பதற்காக சீட்டை விடுவதில் அர்த்தமே இல்லை.

டெல்லி

நீட் ஸ்கோர் அடிப்படையில் தேர்வானவர்களின் பட்டியல் அதே தளத்தில் வரும். சமீப ஆண்டுகளில் அடுத்த கட்டம் எல்லாமே டெல்லி கண்டோன்மென்டில் உள்ள பேஸ் ஹாஸ்பிடலில்தான் நடக்கிறது. அழைப்புக்கும் தேதிக்கும் நடுவில் நாட்கள் அதிகம் இருக்காது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ கன்ஃபர்ம் டிக்கெட் கிடைப்பது சந்தேகம், தட்காலுக்குத் தயாராக இருங்கள். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று ரிட்டர்ன் டிக்கெட் போடாதீர்கள், மருத்துவப் பரிசோதனை இழுக்கும்.

இங்கேதான் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். அதே மாதங்களில் நம் மாநில நர்சிங் கவுன்சலிங்கும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே சீட் கிடைத்தால் கண்டிப்பாகச் சேருங்கள், ராணுவத்தை நம்பி அதை விட வேண்டாம். ஆனால் சேரும்போது கல்லூரியில் டி.சி., மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள், டெல்லியிலோ ஒரிஜினல் கேட்பார்கள். ராணுவ அழைப்பு வரலாம் என்று சேருகிற அன்றே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றிலும் கலர் ஸ்கேன் எடுத்து வையுங்கள், அழைப்புக் கடிதம் வந்ததும் அதைக் காட்டி ஒரிஜினல்களைத் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளலாம். பாதியில் விலகினால் கட்டிய பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் வெட்கப்படாமல் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முதலில் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு, பொது அறிவுத்திறனும் பொது ஆங்கிலமும். அறிவுத்திறன் என்றால் தலைநகரம், நாணயம் அல்ல. எண் தொடர், ஒற்றுமை வேற்றுமை, திசை, உறவுமுறை மாதிரியான ரீசனிங் கேள்விகள், வங்கித் தேர்வுக்குப் படிக்கிற அக்கா வீட்டில் இருந்தால் அவருடைய பழைய புத்தகம் போதும். ஆங்கிலத்தில் இலக்கணம், சொல்வளம், பத்தியைப் படித்து விடை சொல்வது. அடுத்து மனநலம் சார்ந்த ஒரு மதிப்பீட்டுத் தேர்வு. இதற்குப் படிக்க எதுவும் இல்லை. "எனக்குக் கோபமே வராது" என்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளை விடையாகக் குறிப்பது வினையாகலாம், அதே விஷயத்தை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்கிறபோது முன்னுக்குப் பின் முரணாகிவிடும். உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்டர்வியூவில் சீருடையில் உள்ள அதிகாரிகள் இருப்பார்கள். ஏன் நர்சிங், ஏன் ராணுவம், அப்பா என்ன செய்கிறார், உங்கள் மாவட்டம் எதற்குப் பேர்போனது, லடாக்கில் போஸ்டிங் போட்டால் போவீர்களா, இந்த மாதிரிதான். "தேச சேவை செய்ய விரும்புகிறேன்" என்று ஆரம்பிக்காதீர்கள், அன்றைக்கு அதைச் சொல்லாத ஒரு பெண் அந்த வரிசையில் இருக்க மாட்டாள். பாட்டி படுக்கையில் இருந்தபோது நீங்கள்தான் டிரெஸ்ஸிங் மாற்றினீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், ஊரில் யாராவது பட்டாளத்துக்காரர் இருந்தால் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் சின்னச் சின்ன வாக்கியமாக, நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துப் பேசினால் சமாளித்துவிடலாம். இந்தி தெரியாது என்றால் தெரியாது, கற்றுக்கொள்வேன் என்று சொல்லுங்கள். வார்டில் ஜவான்களோடு பேச அது நிஜமாகவே தேவைப்படும்.

மருத்துவப் பரிசோதனை முழுசாக இருக்கும்: கண், காது, பல், தோல், எலும்பு, ரத்தம், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். முன்கூட்டியே நம்மால் சரிசெய்யக் கூடியவை சில இருக்கின்றன. காதுக் குறும்பியை ஈ.என்.டி. டாக்டரிடம் எடுத்துவிடுங்கள். சொத்தைப் பல்லை அடைத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள், நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருப்பது பரிசோதிக்கிற வரைக்கும் தெரியாது, அது ஒரு வாரத்தில் ஏறுகிற விஷயமும் அல்ல, நீட் முடிந்த கையோடு பாருங்கள். உயரத்துக்கேற்ற எடை முக்கியம். பச்சை குத்தியிருந்தால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் பொதுவாக அனுமதி. தகுதியில்லை என்று எழுதிவிட்டால் அங்கேயே அழுதுவிட்டு ரயில் ஏறாதீர்கள். மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு, எத்தனை நாளுக்குள் எங்கே போக வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பட்டியலில் பெயர் வந்த பிறகு

எல்லாம் சேர்த்து இறுதி மெரிட் லிஸ்ட் தளத்தில் வரும், காத்திருப்போர் பட்டியலும் உண்டு. சேரும்போது பெற்றோரும் சேர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படித்து முடித்து சேவையில் சேர்வேன், இடையில் விட்டால் இவ்வளவு தொகை கட்டுவேன் என்பது சாராம்சம். தொகை அறிவிப்பில் இருக்கும், அப்பா படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பதிலுக்கு நான்கு வருடமும் தங்குமிடம், சாப்பாடு இலவசம், சீருடைக்கான படி, மாதாமாதம் உதவித்தொகை. படிக்கிற காலத்தில் திருமணம் கிடையாது.

"அப்போ அதிகாரி ஆன பிறகு கல்யாணம் பண்ணினால் வேலை போய்விடுமாமே" என்று இன்றைக்கும் சில அத்தைகள் பயமுறுத்துவார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த விதி 1995-லேயே போய்விட்டது. அந்தப் பழைய விதியால் 1988-ல் பணியிழந்த செலினா ஜான் என்ற லெப்டினன்டுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை லெப்டினன்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி மற்றவை தனி. ராணுவச் சேவைப் படி என்று ஒன்று உண்டு, மற்ற அதிகாரிகளுக்கு அது 15,500, நர்சிங் அதிகாரிகளுக்கு 10,800. ஒரே ரேங்க், ஒரே நட்சத்திரம், தொகை மட்டும் வேறு. எனக்கு இது சரியாகப் படவில்லை. இருந்தாலும் தனியார் மருத்துவமனையில் நர்சுக்குக் கிடைக்கிற சம்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

ஏற்கெனவே நர்சிங் முடித்தவர்களுக்கு

இந்த வழிக்கு நீட் வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. நர்சிங் முடித்து, மாநில கவுன்சிலில் நர்சாகவும் மிட்வைஃபாகவும் பதிவு செய்திருக்க வேண்டும். டிப்ளமோ மட்டும் போதாது, அவர்கள் போஸ்ட் பேசிக் முடித்துவிட்டு வரலாம். 2023 டிசம்பரில் வந்த அறிவிப்பில் வயது 21 முதல் 35. தேர்வை, நீட் நடத்துகிற தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. 2024 ஜனவரி 14 அன்று கம்ப்யூட்டரில் நடத்தியது. நர்சிங் பாடம், ஆங்கிலம், பொது அறிவுத்திறன். அதன்பின் இன்டர்வியூ, மருத்துவப் பரிசோதனை. தேர்வானால் முதலில் 5 வருடப் பணி, பிறகு நீட்டிப்பு உண்டு.

கவனிக்க வேண்டியது கல்லூரியின் அங்கீகாரம். இந்தியன் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் கேட்கிறார்கள், மாநில கவுன்சில் அங்கீகாரம் மட்டும் உள்ள கல்லூரிகளும் நம்மிடம் இருக்கின்றன, நீங்கள் படித்த வருடத்தில் உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்ததா என்று பார்த்து அச்செடுத்து வையுங்கள். கவுன்சில் பதிவைப் படிப்பு முடித்த உடனே முடித்துவிடுங்கள். இந்த அறிவிப்பு வருடா வருடம் குறிப்பிட்ட மாதத்தில் வருவதில்லை, வந்தால் இரண்டு வார அவகாசம்தான், அதற்குள் சென்னைக்கு ஓடிப் பதிவுச் சான்றிதழ் வாங்க முடியாது. இந்த இரண்டு வழியில் எதிலும் ஏஜென்ட் என்று யாருக்கும் வேலை இல்லை, அறிவிப்பில் போட்டிருக்கிற கட்டணத்தைத் தளத்திலேயே கட்டுவதோடு சரி, "டெல்லியில் ஆள் இருக்கிறார்" என்று சொல்லி யார் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.